ஆலிஸ் இவான்ஸ் சொன்னதை யாரும் நம்பவில்லை

இந்த மாதச் சுவர் இதழில் நான் ஆலிஸ் இவான்ஸ் என்ற விஞ்ஞானியின் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறேன். பாஸ்டர், காக் பேரெல்லாம் நமக்குத் தெரியும். இவங்க பேர் போன மாதம் வரைக்கும் எனக்குத் தெரியாது. எங்க அறிவியல் டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. டீச்சர் ஏன் சொன்னாங்க என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்க அப்பா, அம்மா ரெண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போறாங்க. வீட்டில் இருக்கிற 14 செம்மறி ஆடுகளையும் பார்த்துக்கொள்வது எங்க அம்மாயி. மாசி மாதத்தில் மூணு ஆடு மாசம் ஆகும் முன்னாடியே குட்டி வீசிருச்சு. செத்த குட்டிகளையும் நஞ்சுக்கொடியையும் அம்மாயி வெறுங்கையால் எடுத்துப் போட்டாங்க. எப்பவும் அப்படித்தான் செய்வாங்க. கொஞ்ச நாள் கழித்து அம்மாயிக்குச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வந்தது. ராத்திரி வேர்த்துக் கொட்டும், இடுப்பு வலிக்கும். காலையில் தொட்டுப் பார்த்தால் சூடே இருக்காது. காட்டிய இடத்தில் அசதி என்று சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. ஆடு மேய்க்கப் போகாமல் இருக்கத்தான் அம்மாயி இப்படிச் சொல்றாங்க என்று நான் நினைத்தேன். ஒரு நாள் முகத்துக்கு நேராகச் சொல்லியும் விட்டேன். அம்மாயி பதில் பேசவில்லை.

பிறகு கால்நடை டாக்டர் வந்து எல்லா ஆட்டுக்கும் கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். ரெண்டு ஆட்டுக்குப் புருசெல்லோசிஸ் என்று ரிசல்ட் வந்தது. மாட்டுக்கு வந்தால் கன்று வீச்சு நோய் என்று சொல்வார்கள். டாக்டர் உடனே வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருக்கா என்று கேட்டார். எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். அப்போதுதான் டீச்சர் ஆலிஸ் கதையைச் சொன்னாங்க.

ஆலிஸ் 1881 ஜனவரி 29-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் நீத் என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் டீச்சர் வேலைக்குப் போனார். அந்தக் காலத்தில் பொண்ணுங்களுக்கு வேற வேலை கிடைப்பது ரொம்பக் கஷ்டம். நாலு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிராமத்து ஆசிரியர்களுக்கு இயற்கை பற்றி ஒரு படிப்பு இலவசமாக இருந்தது. அதில் சேர்ந்தவருக்கு அறிவியல் மேலே ஆசை வந்துவிட்டது. 1909-ல் பாக்டீரியா பற்றிய படிப்பில் பட்டம் வாங்கினார். 1910-ல் விஸ்கான்சினில் முதுகலைப் பட்டமும் வாங்கினார். பிறகு அரசாங்கத்தின் பால்பண்ணைப் பிரிவில் வேலை. 1913-ல் வாஷிங்டனுக்கு மாற்றினார்கள். ஒரு பொம்பளை விஞ்ஞானியாக வருவது அங்கே இருந்த அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை.

இந்த இடத்தில் அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்ல வேண்டும். மால்டா என்ற தீவில் இருந்த ராணுவ வீரர்களுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. 1887-ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர் அதற்கான கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. 1905-ல் மால்டாக்காரரான தெமிஸ்டாக்லிஸ் சாமிட் ஆராய்ச்சிக்காக வாங்கிய ஆறு ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். ஆறும் நல்லாத்தான் இருந்தன. ஆனால் அஞ்சு ஆட்டின் ரத்தம் கிருமி இருப்பதைக் காட்டிக் கொடுத்தது. அந்தப் பாலைக் காய்ச்சாமல் குடித்ததால்தான் மனிதர்களுக்குக் காய்ச்சல் வந்தது.

டென்மார்க்கில் பெர்ன்ஹார்டு பாங் என்பவர் மாடுகள் கன்று வீசுவதற்கு ஒரு கிருமிதான் காரணம் என்று 1897-ல் கண்டுபிடித்திருந்தார். ஆட்டுக் கிருமி வேற, மாட்டுக் கிருமி வேற என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒன்றை உருண்டை என்று எழுதி வைத்திருந்தார்கள், இன்னொன்றைக் குச்சி என்று எழுதி வைத்திருந்தார்கள். ஒன்று மனுஷ டாக்டரின் கிருமி, இன்னொன்று மாட்டு டாக்டரின் கிருமி. ரெண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவே இல்லை.

ஆலிஸ் வைத்துப் பார்த்தார். ரெண்டும் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. அப்படியானால் காய்ச்சாத மாட்டுப் பாலும் ஆபத்துதான் என்று புரிந்துகொண்டு 1917-ல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் சொன்னார், 1918-ல் கட்டுரையும் எழுதினார். யாரும் நம்பவில்லை. இது உண்மை என்றால் வேற யாராவது இதற்குள் கண்டுபிடித்திருக்க மாட்டார்களா என்று கேட்டார்கள். ஆலிஸ் ஒரு பெண், டாக்டர் பட்டமும் கிடையாது. தியோபால்ட் ஸ்மித் என்ற மிகப் பெரிய விஞ்ஞானியே ஏற்கவில்லை. பால் வியாபாரம் செய்தவர்கள், பால் சூடாக்கும் மெஷின் விற்கிறவர்களோடு ஆலிஸ் கூட்டு என்றுகூடப் பழி போட்டார்கள்.

1922-ல் ஆய்வகத்தில் அந்தக் கிருமி ஆலிஸையே பிடித்துக்கொண்டது. காய்ச்சல், வலி, அசதி எல்லாம் வரும், போகும், திரும்ப வரும். நோய் எதுவும் இல்லை, மனசுதான் காரணம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சில வருஷம் கழித்து வேறு ஒரு ஆபரேஷன் செய்தபோது அவர் உடம்பிலேயே அந்தக் கிருமி கிடைத்தது. அதற்குப் பிறகுதான் நோய் என்று ஒத்துக்கொண்டார்கள். மொத்தம் 23 வருஷம் அந்த நோய் அவரை விட்டு விட்டுப் படுத்தியது.

இந்த இடத்தை டீச்சர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாயிக்கு நான் சொன்னதும் இதேதானே.

ஆலிஸ் நோயோடேயே வேலை செய்தார். 1920-களில் மற்ற நாட்டு விஞ்ஞானிகளும் சோதித்துப் பார்த்து அவர் சொன்னது சரி என்றார்கள். 1928-ல் அமெரிக்க பாக்டீரியா விஞ்ஞானிகள் சங்கத்துக்கு ஆலிஸ் தலைவர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். 1930-களில் அங்கே பாலைச் சூடாக்கி விற்பது பரவியது. 1934-ல் மாடுகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து நோய் உள்ளதை நீக்கும் வேலை தொடங்கியது. 1945-ல் ஓய்வு பெற்றார். 1975 செப்டம்பர் 5-ல், 94 வயதில் இறந்தார். அன்று நமக்கு ஆசிரியர் தினம். அவரும் ஒரு காலத்தில் டீச்சர்தானே.

ரத்தப் பரிசோதனை எப்படி என்று கால்நடை டாக்டரிடம் கேட்டேன். எடுத்த ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீரில் ஒரு சொட்டு எடுப்பார்களாம். ரோஸ் கலர் மருந்து ஒரு சொட்டு சேர்த்துக் கலக்குவார்களாம். அந்த மருந்தில் செத்த கிருமிகள் இருக்கும். நாலு நிமிஷத்துக்குள் திரிதிரியாகத் திரண்டால் நோய் இருக்கலாம் என்று அர்த்தம். உறுதி செய்ய இன்னொரு பரிசோதனையும் உண்டு. தடுப்பூசியும் இருக்கிறது. நம் நாட்டில் 2019-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் 4 முதல் 8 மாத வயதுள்ள பசு, எருமைக் கிடாரிக் கன்றுகளுக்கு ஒரே ஒரு தடவை போடுகிறார்கள். செம்மறி, வெள்ளாட்டுக்கு ரெவ்-1 என்று வேறு தடுப்பூசி சில நாடுகளில் போடுகிறார்கள். நம்ம ஆடுகளுக்கு இப்போதைக்கு ரத்தம் பார்ப்பதும் சுத்தமும்தான் காவல்.

அம்மாயியின் ரத்தத்திலும் அந்த நோய் இருந்தது. ஆறு வாரம் ரெண்டு விதமான மாத்திரை. நடுவில் நிறுத்தவே கூடாது என்றார்கள். தினமும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இப்போது சாயங்காலக் காய்ச்சல் இல்லை. அந்த ரெண்டு ஆட்டையும் அப்பா தனியாகக் கட்டி வைத்திருக்கிறார். சந்தையில் விற்றால் வாங்குகிறவர் பட்டிக்கும் நோய் போய்விடும் என்று டாக்டர் சொன்னதால் விற்கவில்லை. எங்களுக்கு அது பெரிய நஷ்டம்தான்.

ஆடு மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

1. குட்டி வீசினால் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டு எடுத்து, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கால்நடை டாக்டரிடம் சொல்லுங்கள்.
2. எந்தப் பாலாக இருந்தாலும் நன்றாகக் காய்ச்சிக் குடியுங்கள்.
3. உடம்பு முடியவில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால், நடிப்பு என்று சொல்லாதீர்கள். முதலில் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவது, எனக்கு நானே எழுதிக்கொண்டது.

– 9-ஆம் வகுப்பு மாணவி, நல்லூர்