கிங்ஸ்வூட் கண்ட ஆசான்

கண்டி மாநகரிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்று மகாவலி கங்கையைக் கடந்தால் பல்லேகல என்னும் ஊரை அடையலாம். அங்கே திரித்துவக் கல்லூரியாருக்குரிய றக்பி மைதானம் உளது. மாணவர் சிலர் வற்புறுத்தி அழைக்க, நாமும் ஒருமுறை அங்குச் சென்று ஆட்டமொன்று கண்டோம். பந்து உருண்டையானது என்பதே நாம் அறிந்த இலக்கணம். அங்கோ உரித்த தேங்காயை ஒத்த ஒன்றின் பின்னே முப்பது இளைஞர் ஓடினர். கையாற் பந்தை முன்னோக்கி எறிதல் குற்றமாம். பின்னே வருபவனுக்கே கொடுத்தல் வேண்டுமாம். அருகிருந்த மாணவன் இவ்விதிகளை நமக்குப் பொறுமையோடு பாடஞ் சொன்னான். ஆசிரியர் மாணவராகிய அம்மாலைப் பொழுதிலே, இவ்விளையாட்டை நம் நாட்டுப் பள்ளிச் சிறுவருக்கு முதன்முதற் கற்பித்தவர் யார் என்னும் வினா நம் உள்ளத்தில் எழுந்தது.

அவர்தாம் லூயி எட்மண்ட் பிளேஸ். இந்துக் கல்லூரி மலரிலே பறங்கியர் சமூகத்துக் கிறிஸ்தவர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று வினவுவோரும் இருத்தல் கூடும். கைப்பொருள் மிகுதியின்றிப் பள்ளியொன்றைத் தொடங்கி, அது நிலைக்குமோ நிலையாதோ என்று இரவிற் கண் துஞ்சாதிருந்த பெரியோர்களின் வழியிலே வந்தவர் நாம். அத்தகைய கதையைக் கேட்க நம்மினும் உரியவர் யாவர்?

பிளேஸ் 1861 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 ஆந் திகதி கண்டியிற் பிறந்தார். திரித்துவக் கல்லூரியிற் கற்றார். அக்காலத்து இலங்கையிலே பல்கலைக்கழகம் இல்லாமையால், நம் மாணவர் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்குத் தோற்றும் வழக்கம் இருந்தது. பிளேசும் அப்பல்கலைக்கழகத்தின் பட்டதாரியானார். பின்னர் வட இந்தியாவிலே ஆசிரியப் பணி புரிந்து, தாயகம் மீண்டார்.

1891 ஆம் ஆண்டு மே 4 ஆந் திகதி, கண்டிப் பவிலியன் வீதியில் அவர் ஆண்கள் உயர்தரப் பள்ளியைத் திறந்தபோது வந்து சேர்ந்த பிள்ளைகள் 11 பேர். தாம் கற்ற பெருங்கல்லூரி அதே நகரில் ஓங்கி நிற்க, வாடகை வீட்டளவிலே ஒரு பள்ளியை நடத்துதல் எத்துணைத் துணிவு வேண்டுஞ் செயல் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளார் அறிவர். அடுத்த தவணைக்கு இப்பதினொருவரும் வருவரோ என்பதே அத்தகையாரின் முதற் கவலை. பிள்ளைகள் பெருகினர். பள்ளி பின்னர் உவெஸ்லியன் மிஷனாரின் ஆதரவினுட் புகுந்தது. 1898 இல் கிங்ஸ்வூட் என்னும் பெயர் பெற்றது.

பள்ளி தோன்றிய அவ்வாண்டிலேயே றக்பியும் அங்கே புகுந்தது. இதன் அருமையை உணர வேண்டுமாயின் அக்காலத்து நிலையை அறிதல் வேண்டும். இலங்கையில் றக்பி 1879 இல் கொழும்பிலே வேரூன்றியது. ஆடியோர் ஐரோப்பிய வணிகரும் தோட்டத் துரைமாருமே. அவர்தம் கழகக் கதவுகள் இந்நாட்டவர்க்குத் திறவாதன. இலங்கையர்க்கெனக் கொழும்பில் ஒரு றக்பிக் கழகம் தோன்றுவதற்கு 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்னரே பிளேஸ் துரைமாரின் பந்தை நம் சிறுவர் கையிற் கொடுத்துவிட்டார். இதனை விளையாட்டுச் செய்தி என்று மட்டும் கருத நமக்கு மனம் ஒவ்வவில்லை.

அதே 1891 இல், ஆங்கிலர், ஸ்கொத்லாந்தர், அயர்லாந்தர், உவேல்சர் ஆகிய நால்வரும் தம்முள் ஆடிய போட்டியிலே ஸ்கொத்லாந்து மற்றை மூவரையும் வென்றது. 1883 இல் முதற் பருவம் நிறைவெய்திய அப்போட்டியிற் பின்னர் பிரான்சும், 2000 இல் இத்தாலியும் சேர, இக்காலத்தில் ஆறு நாடுகள் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் 15 ஆட்டங்கள் ஆடுகின்றன. அவற்றுள் ஆங்கிலர்க்கும் ஸ்கொத்லாந்தர்க்கும் உரிய ஆட்டத்தின் பரிசுக்குக் கல்கத்தாக் கிண்ணம் என்று பெயர். கல்கத்தாவிலிருந்த றக்பிக் கழகம் 1878 இற் கலைந்தபோது, வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்வித்த கிண்ணம் அது. நாகங்கள் மூன்று அதன் கைப்பிடிகள்; மூடியின் மேல் யானை. பிளேசுக்குப் பட்டமளித்த நகரமே அக்கிண்ணத்தையும் அளித்தது. அதனை அந்நகரத்தார் கடல் கடந்து அனுப்பிவிட்டனர். பிளேசோ தாம் கற்றதைக் கண்டிக்குக் கொண்டு வந்தார்.

ஆடுதற்கு அணி உண்டு. எதிர்த்தாட வேறு பள்ளி இல்லை. இந்நிலை பதினைந்தாண்டு நீடித்தது. 1904 இல் திரித்துவக் கல்லூரியின் அதிபராக ஸ்கொத்லாந்தரான பிரேசர் வந்தார். வங்காளத்தின் உதவி ஆளுநராயிருந்த சேர் அன்றூ பிரேசரின் மைந்தர் அவர். அவர் காலத்திலே அக்கல்லூரியிலும் றக்பி தொடங்க, 1906 ஓகஸ்ட் மாதம் போகம்பரை வெளியில் இரு கல்லூரிகளும் எதிர்ப்பட்டன. நம் நாட்டுப் பள்ளிகளிடையே நிகழ்ந்த முதல் றக்பிப் போட்டி அதுவே. ஒருபுறம் தாம் பெற்ற பிள்ளைபோன்ற பள்ளி. மறுபுறம் தம்மை வளர்த்த கல்லூரி. அவர் எப்பக்கம் நின்று மகிழ்வார்? அந்தச் சங்கடத்தைப் பிள்ளைகளே தீர்த்து வைத்தனர். ஆறுக்கு ஆறு என்று ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

மைதானத்தைக் கண்டு புத்தகத்தை மறந்தவரல்லர் பிளேஸ். 1900 இல் அவர் வெளியிட்ட, பள்ளிகளுக்கான இலங்கைச் சரித்திரம் பல பதிப்புகள் கண்டது. கவிதையும் புனைந்தார். வகுப்பிலே சரித்திரமும் வெளியிலே பந்துமாக, முப்பத்திரண்டு ஆண்டுகள் அதிபர் பதவி வகித்து 1923 இல் ஓய்வு பெற்றார். அவர் கனவு கண்ட விசாலமான கட்டடங்கள், சேர் ஜோன் றண்டில்ஸ் என்னும் ஆங்கிலப் பெருமகனாரின் கொடையால் எழுந்தன. 1925 இல் பள்ளி அக்குன்றிற் குடிபுகுந்தபோது பிளேஸ் அதிபரல்லர். தாம் நட்ட மரத்தின் நிழலிற் பிறர் இருக்கக் காணும் பேறு ஆசிரியர்க்குப் பழகியதே.

1950 செப்டெம்பரிலே, அந்நான்கு நாடுகளின் வீரரும் ஓரணியாய் நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் ஆடிவிட்டுத் திரும்பும் வழியிற் கொழும்பில் இறங்கி, இலங்கை அணியை 44க்கு 6 என வென்றனர். அப்போது பிளேஸ் எண்பத்தொன்பதை எட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு, 1951 ஓகஸ்ட் 4 ஆந் திகதி காலமானார்.