கிண்ணம் கண்ட டாக்டர்

இங்கிலாந்தில் நான்ட்விச் என்ற ஊரில் 1816-ல் பிறந்தவர் வில்லியம் பௌமான். சிறுவயதில் வெடிமருந்து வெடித்துக் கையில் காயம். அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டபோதுதான் டாக்டராகும் ஆசை பிறந்தது என்பார்கள்.

சிறுநீரகத்துக்குள் மெல்லிய ரத்தக்குழாய்கள் நூல்கண்டு போலச் சுருண்டு கிடப்பதை இத்தாலி நாட்டு மால்பிகி 17-ம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டார். பக்கத்தில் சிறுநீர்க் குழல்களும் ஓடின. இரண்டுக்கும் என்ன தொடர்பு? அதுதான் பிடிபடவில்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இருந்த பௌமான், சிறுநீரக ரத்தக்குழாயில் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். குழலின் வாய் கிண்ணமாக விரிந்து நூல்கண்டைத் தாங்கி நின்றது. சாயம் கண்டிலிருந்து கசிந்து குழலில் இறங்கியது. 1842-ல் இதை வெளியிட்டபோது அவருக்கு வயது 25தான்!

விளக்கத்தில் மட்டும் சறுக்கினார். கண்டிலிருந்து வருவது வெறும் தண்ணீர், கழிவைக் குழல்தான் சேர்க்கிறது என்று நினைத்தார். ஜெர்மனியின் லுட்விக் அதே ஆண்டில் வேறு விதமாகச் சொன்னார். ரத்த அழுத்தத்தால் உப்பு, கழிவு எல்லாமே தண்ணீரோடு வடிகிறது. வேண்டியதைக் குழல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்றார். பெரும்பாலும் அவர் சொன்னதே சரி. தினமும் சுமார் 180 லிட்டர் வடிகிறது. வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர்! கொதிகலன் அருகே வியர்த்துக் கொட்ட வேலை செய்பவருக்கு, மூளையடிச் சுரப்பியிலிருந்து உத்தரவு வந்து, குழல் இன்னும் அதிகத் தண்ணீரை மீட்கிறது. சிறுநீர் குறைந்து மஞ்சளாவது அதனால்தான். தண்ணீர் கேட்கிறது உடம்பு.

பாடப்புத்தகத்தில் அது பௌமான் கிண்ணம்தான். அவரோ பிறகு கண் வைத்தியத்துக்குப் போய்விட்டார். அதில்தான் பெயரும் பணமும். 1884-ல் பாரனெட் பட்டம். 1892-ல் காலமானார்.