டாக்டர் அம்பேத்கரும் சவுதார் குளமும்

தாதர் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, இந்து காலனியில், ராஜகிருகம் என்றொரு வீடு உண்டு. மாதுங்கா செல்லும் மும்பைத் தமிழர் பலரும் கடந்து சென்றிருக்கக்கூடிய வீடு. டாக்டர் அம்பேத்கர் தம் நூல்களுக்கு இடம் வேண்டுமென்றே விசாலமாகக் கட்டுவித்தது. இந்திய அரசியல் சட்டத்தை வகுத்த பெரியாரென அவரை நாமனைவரும் அறிவோம். அதற்கு முன் அவர் ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் உழைத்த ஆண்டுகளை அறிந்தோர் குறைவு. அவற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மௌ நகரில், ராணுவ சுபேதார் ஒருவரின் புதல்வராய்ப் பிறந்தார். பள்ளியிலே தண்ணீர்க் குழாயை அவர் தொடலாகாது. சேவகன் திறந்துவிட்டாலன்றித் தாகந் தீராது. அவன் வாராத நாளில் தண்ணீரும் இல்லை. பின்னர் பரோடா மன்னரின் உதவித்தொகையால் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் பயின்று, 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அவர் விரிவுரையைக் கேட்கப் பிற கல்லூரி மாணவரும் வந்தனர். ஆனால் ஆசிரியர் அறையிலிருந்த தண்ணீர்க் குடத்தை அவர் தொடக்கூடாதென்று உடனாசிரியர் சிலர் ஆட்சேபித்தனர். கடல் கடந்து கற்று வந்தவருக்கே இக்கதி!

1920இல் வேலையைத் துறந்து மீண்டும் லண்டன் சென்று, பாரிஸ்டர் பட்டமும் பொருளியலில் டாக்டர் பட்டமும் பெற்று, 1923இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். வருவாய் போதாமையால் கணக்கியல் பயிற்சி நிலையமொன்றில் வணிகச் சட்டமும் போதித்தார். இவ்வளவு நெருக்கடிக்கிடையே 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அடுத்த ஆண்டே அச்சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது.

இனி மஹாட் குளத்தின் கதை. பொதுக் கிணறுகளும் குளங்களும் தீண்டாதார்க்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டசபை 1923லேயே தீர்மானித்திருந்தது. கொலாபா மாவட்டத்து மஹாட் நகராட்சியும் தன் சவுதார் குளத்தை அவ்வாறே திறந்துவிட்டது. ஏட்டில் இருந்ததேயன்றிக் குளத்தில் இறங்கத் துணிந்தார் இலர். 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் பல்லாயிரவரோடு அணிவகுத்துச் சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். அன்றே கலகம் மூண்டது. வந்தோர் பலர் தாக்குண்டனர். பின்னர் ஊரார் பஞ்சகவ்வியம் கலந்து குளத்துக்குச் சுத்தி செய்தனர்.

அவ்வாண்டு டிசம்பரில் மறுபடியும் குளத்துக்குச் செல்ல ஆயிரக்கணக்கானோர் கூடினர். ஆனால் குளம் தனியார் சொத்தென்று எதிர்தரப்பார் வழக்கிட்டுத் தடையுத்தரவு வாங்கியிருந்தனர். கூட்டம் மனுஸ்மிருதியைத் தீயிலிட்டது. குளத்து நீரை மட்டும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டாமென்று தடுத்தவர் அம்பேத்கரே. தண்ணீர் கண்முன் இருக்க, நீதிமன்ற உத்தரவுக்காகத் தாகத்தோடு திரும்பச் சொல்வது எளிதன்று. அவர் வாழ்வில் யாம் பெரிதென மதிப்பது இதனையே.

வாய்தாக்களின் நீளத்தை நம்மில் அனுபவித்தோர் இருப்பர். மஹாட் நீதிமன்றம் 1931இல் வழக்கைத் தள்ளியது. தாணாவில் செய்த மேல்முறையீடு 1933இல் தோற்றது. எதிர்தரப்பார் உயர்நீதிமன்றம் ஏறினர். இதற்கிடையே 1928இல் அரசினர் சட்டக் கல்லூரியில் சிலகாலம் போதித்த அம்பேத்கர், 1935 ஜூனில் அதன் முதல்வரே ஆனார். அவர் துணைவியார் ரமாபாய் மறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. 1937 மார்ச் 17ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தீண்டாதாரை விலக்குவது நினைவுக்கெட்டாக் காலந்தொட்டு வந்த வழக்கமென்பது மெய்ப்பிக்கப்படவில்லையென நீதிபதி புரூம்பீல்ட் கூறினார். ஒருநாள் பருகிய நீருக்குப் பத்தாண்டு வழக்கு! வகுப்பிலே சட்டம் போதித்தவரே அவ்வழக்கின் பிரதிவாதி.

பின்வந்த பதவிகள் யாவரும் அறிந்தவை. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். பகலில் வேலை பார்ப்போரும் படிக்கும்படி அங்கே காலை வேளையில் வகுப்புகள் நடந்தன. 1956 டிசம்பர் 6ஆம் நாள் டில்லியில் காலமானார். அவர் உடலைப் பம்பாய்க்குக் கொணர்ந்து, ராஜகிருகத்தில் வைத்து, மறுநாள் தாதர் கடற்கரையில் எரியூட்டினர்.