காசிக்கு வழி வகுத்த மொழிபெயர்ப்பாளர்

பயண இலக்கியம் என்றதும் நம் கவிஞர் பெருமக்கள் ஏ. கே. செட்டியாரை நினைப்பர், அது முறையே. எனினும் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சென்னையிலிருந்து புறப்பட்டு, தரைவழியே இத்துணைக்கண்டத்தைச் சுற்றி மீண்ட ஒருவரை நாம் போதிய அளவு அறிந்தோமில்லை. தெலுங்கர் நன்கறிந்த அவர் பெயர் ஏனுகுல வீராசாமி ஐயர். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல வாழ்கின்றன; ஆயினும் தெலுங்கு உரைநடையின் இம்முன்னோடி நம் மேடைகளில் பேசப்படுவது அரிது. மலரின் இப்பக்கங்கள் அக்குறையைச் சிறிதேனும் நீக்குமாக.

1780ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த வீராசாமி, இளமையிலேயே தந்தையை இழந்தார். பன்னிரண்டு வயதில் கம்பெனி அலுவலகமொன்றில் ஊதியமின்றித் தொழில் பழகினார். அடுத்த ஆண்டே திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளரானார் என்பர். மீசை அரும்பாத சிறுவன் ஒருவன் வெள்ளை அதிகாரிக்கும் வழக்காடும் குடியானவனுக்கும் நடுவே நின்று இருவர் சொல்லையும் மாற்றிச் சொன்ன காட்சியை எண்ணிப் பார்க்கலாம். தமிழ், தெலுங்கு, வடமொழி, ஆங்கிலம் ஆகிய நான்கிலும் தேர்ந்த அவர், நாளடைவில் சென்னை சுப்ரீம் கோர்ட்டின் தலைமை மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார்.

ஐம்பதாம் அகவையில் அவருக்குக் காசி யாத்திரை மேற்கொள்ளும் எண்ணம் வலுத்தது. அக்காலத்தில் காசிக்குச் செல்வோர் திரும்பி வருதல் உறுதியன்று. பலர் உற்றார் உறவினரிடம் இறுதி விடை பெற்றே புறப்பட்டனர். இந்தியாவில் முதல் பயணிகள் இரயில் பம்பாயில் ஓடியது 1853இல்தான். வீராசாமி தனியராகவும் செல்லவில்லை. குடும்பத்தார், பணியாளர், பல்லக்குத் தூக்கிகள் என ஏறத்தாழ நூறு பேர் அவருடன் சென்றனர். நூறு உயிர்களின் பொறுப்பு ஒருவர் தோளில் விழுந்தது. பக்தி ஒருபுறமிருக்க, ஒவ்வொரு மாலையும் அத்தனை பேருக்கும் அரிசியும் விறகும் நீரும் கிடைக்குமா என்பதே அவர்முன் நின்ற வினா.

இங்கேதான் அவருடைய தனித்திறம் விளங்குகிறது. பல்லக்குப் பயணம் பொதுவாக நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் அளவில் நிகழும். எந்த ஊரில் தங்கினால் கடை உண்டு, எங்கே கிணறு உண்டு, எந்த ஆற்றைக் கால்நடையாய்க் கடக்கலாம், எதற்குப் படகு வேண்டும் என்பனவற்றை முன்னறிந்தாலன்றிப் பெருங்கூட்டம் நகர இயலாது. சத்திரம் இல்லாத இடங்களுக்குக் கூடாரங்கள் வேண்டும். கம்பெனியின் எல்லை, நிஜாமின் எல்லை, நாகபுரி போன்சலேயின் எல்லை என ஆட்சி மாறுமிடமெல்லாம் நாணயமும் மாறும்; சுங்கமும் மாறும். பிரயாகை, கயை, புரி ஆகிய தலங்களில் கம்பெனி அரசே யாத்திரிகர் வரி தண்டிற்று. புண்ணியத்திற்கும் கட்டணம் கட்டவேண்டியிருந்த காலம் அது! நடு இந்திய வழிகளில் வழிப்போக்கரைக் கழுத்தை நெரித்துக் கொள்ளும் தக்கர் கூட்டத்தின் அச்சமும் அப்போது நீங்கியிருக்கவில்லை.

1830 மே 18 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டனர். திருப்பதி, கடப்பை, ஐதராபாத்து, நாகபுரி, ஜபல்பூர், பிரயாகை, காசி, கயை எனச் சென்று, கல்கத்தாவை அடைந்தனர். பின்னர்ப் புரி, விசாகப்பட்டினம், நெல்லூர் வழியாகக் கீழ்க்கடற்கரையைப் பற்றிக்கொண்டு 1831 செப்டம்பர் 3 அன்று ஊர் மீண்டனர். பதினைந்து மாதம், பதினைந்து நாள், பதினைந்து மணி நேரம் என அப்பயணத்தைக் கணக்கிடுவர். திருச்செங்கோட்டு மலைப்படிகளை எண்ணிக்கொண்டே ஏறிய நமக்கு இக்கணக்குப் பித்து வியப்பளிக்காது.

வழிநெடுகிலும் அவர் நாட்குறிப்பு எழுதினார். அதனைக் கடிதங்களாகத் தம் நண்பர் கோமளேசுவரபுரம் சீனிவாச பிள்ளைக்கு அனுப்பிவந்தார். அந்நடை புலவர் நடையன்று. சென்னையில் அன்று வழங்கிய பேச்சுத் தெலுங்கு. அயல்மொழிச் சொற்கள் கூச்சமின்றி விரவிவரும். நீதிமன்றத்தில் ஒருவர் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் பெயர்த்துரைத்த பழக்கமே அவர் உரைநடையை உருவாக்கியது என்பது என் துணிபு. கோயிலைக் கண்டால் கோபுரத்தோடு நில்லாமல், அவ்வூர்க் கடையில் கிடைப்பனவற்றையும் பாதையின் தரத்தையும் சேர்த்தே எழுதினார். தமக்குப் பின்வருவோர் அவ்வேட்டைக் கையில் கொண்டு நடக்கலாம் என்ற எண்ணம் அதில் புலப்படுகிறது. குறையும் இல்லாமலில்லை. கம்பெனி ஆட்சியின்பால் அவர் கொண்டிருந்த மதிப்பும், சாதி ஒழுங்கை ஐயுறாத மனப்பாங்கும் இன்றைய வாசகரை உறுத்தவே செய்யும். அவற்றை மறைத்து அவரைப் போற்ற வேண்டியதில்லை. அவர் காலத்தின் கண்ணாடியாகவும் அந்நூல் நமக்குப் பயன்படுகிறது.

பயணம் முடிந்தபின் ஐந்தாண்டுகளே அவர் வாழ்ந்தார். 1836 அக்டோபர் 3 அன்று மறைந்தார். தம் குறிப்புகள் நூலாக வெளிவந்ததை அவர் காணவில்லை. கடிதங்களைப் பேணிக்காத்த சீனிவாச பிள்ளைதான் 1838இல் 'காசி யாத்திரை சரித்திரம்' என அவற்றை அச்சேற்றினார். தெலுங்கின் முதற் பயண நூலென அது போற்றப்படுகிறது. நண்பர் அக்கடிதங்களைப் படித்துவிட்டு எறிந்திருப்பின், நூறு பேர் நடந்த அவ்வழி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஒரு நூற்றாண்டு கழித்து, 1941இல், திகவல்லி வேங்கட சிவராவ் அதனை ஆய்வுக் குறிப்புகளுடன் மீண்டும் பதிப்பித்தார். 1973இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. தெலுங்கும் தமிழும் ஒருங்கே அறிந்த நம் வட்டத்து அன்பர் எவரேனும் அதன் சில பகுதிகளையேனும் தமிழாக்கி நம் மாதக் கூட்டத்தில் படிப்பாராயின், முதல் வரிசையில் அமர்ந்து கேட்க யான் ஆயத்தமாயுள்ளேன்.