கடலுக்குக் கடிகாரம் தந்த தச்சர்

வீட்டுக் கடிகாரம் நான்கு நிமிடம் தாமதமாக ஓடினால் என்ன ஆகும்? பள்ளியில் திட்டு விழும். அவ்வளவுதான். ஆனால், நடுக்கடலில் கப்பலின் கடிகாரம் நான்கு நிமிடம் பிசகினால், கப்பல் இருக்கும் இடம் பற்றிய கணக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல்கூடத் தப்பிவிடும்!

காரணம் இதுதான். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுழல்கிறது. அதாவது, 4 நிமிடத்துக்கு 1 டிகிரி. கப்பலில் சூரியன் உச்சிக்கு வரும்போது லண்டனில் மாலை 4 மணி என்றால், கப்பல் லண்டனுக்கு மேற்கே 60 டிகிரி தூரத்தில் இருக்கிறது என்று பொருள். ஆனால் லண்டன் நேரத்தைக் கடலில் எப்படித் தெரிந்துகொள்வது? அக்காலக் கடிகாரங்கள் ஊசலால் ஓடின. கப்பல் ஆடினால் ஊசல் தடுமாறும். வெயிலில் ஊசல் நீண்டு கடிகாரம் மெதுவாகும். குளிரில் சுருங்கி வேகமாகும்.

1707ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நான்கு போர்க்கப்பல்கள், இருக்கும் இடம் தெரியாமல் ஸில்லி தீவுப் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தனர். கடலில் தீர்க்கரேகையை அரை டிகிரிக்குள் சரியாகக் கண்டறிய வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு பரிசு என்று 1714ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் அறிவித்தது. கடிகாரத்தால் இது முடியுமா என்று மேதை நியூட்டனே சந்தேகப்பட்டார்.

முடியும் என்று காட்டியவர் ஜான் ஹாரிசன். 1693ஆம் ஆண்டில் யார்க்‌ஷயரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். அவரும் தச்சு வேலை செய்தார். கடிகாரம் செய்யும் கலையைத் தாமாகவே கற்றார். 20 வயதில் மரத்தாலேயே ஒரு கடிகாரம் செய்தார். வெப்பத்தில் பித்தளை அதிகமாகவும் எஃகு குறைவாகவும் நீளும். இரண்டின் கம்பிகளையும் அடுத்தடுத்து இணைத்து, வெயிலிலும் குளிரிலும் நீளம் மாறாத ஊசலை அமைத்தார்.

பிறகு கடலுக்கான கடிகாரத்தில் இறங்கினார். அதில் ஊசலே இல்லை. சுருள்வில்லால் இயங்கும் இரண்டு ஆடுகோல்கள் இருந்தன. 1736ஆம் ஆண்டில் அதனுடன் லிஸ்பன் நகருக்குக் கப்பலில் சென்றார். திரும்பும்போது கரை தெரிந்தது. கப்பல் அதிகாரி அது எந்த இடம் என்று ஒரு கணக்குச் சொன்னார். ஹாரிசன் வேறு இடம் என்றார். கடைசியில் ஹாரிசன் சொன்னதே சரியாக இருந்தது!

ஆனாலும் அவருக்குத் திருப்தி இல்லை. மூன்றாவது கடிகாரத்துக்காக மட்டும் 19 ஆண்டுகள் உழைத்தார். பிறகு பெரிய கடிகாரங்களை விட்டுவிட்டு, 13 சென்டி மீட்டர் அகலத்தில், கைக்குள் அடங்கும் ஒரு கடிகாரத்தை 1759ஆம் ஆண்டில் செய்து முடித்தார். 1761ஆம் ஆண்டில் அவர் மகன் வில்லியம் அதை ஜமைக்காவுக்குக் கொண்டு சென்றார். சுமார் இரண்டரை மாதப் பயணத்தில் ஏற்பட்ட பிழை வெறும் 5 வினாடி!

பரிசு கிடைத்ததா? இல்லை. தற்செயலாக நடந்தது என்று பரிசுக் குழுவினர் ஒதுக்கினர். 1764ஆம் ஆண்டில் பார்படாஸ் தீவு வரை மீண்டும் சோதனை நடந்தது. அதிலும் கடிகாரம் வென்றது. அப்போதும், கடிகாரத்தின் ரகசியங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு பாதிப் பரிசைத்தான் கொடுத்தனர்.

முதுமையிலும் ஹாரிசன் சோரவில்லை. மன்னர் மூன்றாம் ஜார்ஜிடம் முறையிட்டார். 1772ஆம் ஆண்டில் மன்னரே அவருடைய ஐந்தாவது கடற்கடிகாரத்தைச் சோதித்துப் பார்த்து, அவர் பக்கம் நின்றார். அடுத்த ஆண்டு பாராளுமன்றம் 8,750 பவுண்டு வழங்கியது. அப்போது ஹாரிசனுக்கு வயது 80! 1776ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

கேப்டன் குக் தம் இரண்டாவது உலகப் பயணத்தில், ஹாரிசனின் கடிகாரத்தைப் பார்த்துச் செய்த ஒன்றைக் கொண்டு சென்று மிகவும் பாராட்டினார். ஹாரிசனின் கடிகாரங்களை இன்றும் கிரீன்விச்சில் பார்க்கலாம்.

இன்று செல்போன் நாம் நிற்கும் இடத்தைக் காட்டுகிறதே, அதற்கும் வானில் சுற்றும் செயற்கைக்கோள்களில் உள்ள அணுக் கடிகாரங்களே உதவுகின்றன. நேரத்தைச் சரியாக அளந்தால் இடம் தெரியும் என்று அந்தத் தச்சர் நம்பியது வீண் போகவில்லை!