ஃப்ரெடி மெர்க்குரி: என் டாப் 5 பாட்டு, அவரோட ஒரே வாழ்க்கை

ராக் பாட்டுல உனக்குப் பிடிச்ச டாப் 5 என்னனு கேட்டா, அஞ்சுமே குயின் பேண்ட் பாட்டாத்தான் சொல்வேன். இது போங்கு ஆட்டம்னு ரூம்ல சண்டைக்கு வருவாங்க. பரவாயில்லை. இந்தத் தடவை அந்த லிஸ்டை, அதைப் பாடின ஃப்ரெடி மெர்க்குரியோட கதையாவே சொல்றேன். பாட்டு தெரியாதவங்களும் படிக்கலாம். முடிச்சதும் ஹெட்போன் மாட்டிக்கோங்க.

5. செவன் சீஸ் ஆஃப் ரை (1974)

ஃப்ரெடியோட நிஜப் பெயர் ஃபரோக் புல்சாரா. 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி சான்சிபார் தீவில், குஜராத்தில் இருந்து போன ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். அப்பா அங்கே பிரிட்டிஷ் அரசாங்கத்தில் கேஷியர். எட்டு வயசுலயே பையனை மகாராஷ்டிராவில் இருக்கிற பஞ்ச்கனிக்கு, போர்டிங் ஸ்கூலுக்கு அனுப்பிட்டாங்க. ஆமாங்க, நம்மள மாதிரி ஹாஸ்டல் பையன்தான்! ஃப்ரெடிங்கிற பேர் ஒட்டிக்கிட்டதும், முதல் பேண்டில் பியானோ வாசிச்சதும் அங்கேதான்.

1964-ல சான்சிபாரில் புரட்சி வெடிச்சது. குடும்பமே எல்லாத்தையும் விட்டுட்டு லண்டன் பக்கம் வந்து சேர்ந்தது. அப்போ அவருக்கு 17 வயசு. ஈலிங் ஆர்ட் காலேஜில் கிராஃபிக் டிசைன் படிச்சார். கென்சிங்டன் மார்க்கெட்டில் பழைய துணி வித்தார். 1970-ல குயின் பேண்ட் உருவானது. கிட்டார் வாசிக்கிற பிரையன் மே இயற்பியல் ஆராய்ச்சி மாணவர். டிரம்ஸ் ரோஜர் டெய்லர், பல் மருத்துவம் படிக்க வந்து பயாலஜிக்கு மாறினவர். அடுத்த வருஷம் சேர்ந்த பேஸ் கிட்டார் ஜான் டீக்கன், எலெக்ட்ரானிக்ஸ் படிச்ச நம்ம ஆளு! பேண்டோட சின்னத்தை வரைஞ்சது ஃப்ரெடி. அவர் எழுதின இந்தப் பாட்டுதான் பிரிட்டனில் அவங்களுக்குக் கிடைச்ச முதல் ஹிட்.

4. போஹீமியன் ராப்சடி (1975)

இதுக்கு நாலாவது இடமானு அடிக்க வராதீங்க, காரணம் கடைசியில் வரும். பாட்டோட நீளம் 5 நிமிஷம் 55 வினாடி. மெதுவா ஆரம்பிச்சு, நடுவில் ஆபரா ஆகி, அப்புறம் ராக்கா வெடிக்கும். திரும்பத் திரும்ப வர்ற பல்லவியே கிடையாது. இவ்வளவு நீளமான பாட்டை ரேடியோவில் போட மாட்டாங்கன்னு ரெக்கார்டு கம்பெனி பயந்தது.

அந்த ஆபரா கோரஸ் மொத்தமும் மூணே பேர் குரல்: ஃப்ரெடி, பிரையன், ரோஜர். கையில் இருந்தது 24 ட்ராக் டேப். அதனால பாடினதை ஒரே ட்ராக்குக்குள்ள கலந்து, காலியான இடத்தில் மறுபடி பாடி, இப்படியே போய்க்கிட்டு இருந்தாங்க. டேப் ஓடி ஓடித் தேய்ஞ்சு, வெளிச்சத்தில் பிடிச்சா அந்தப் பக்கம் தெரியுற அளவுக்கு ஆயிடுச்சாம். கடைசியில பிரிட்டனில் 9 வாரம் நம்பர் 1.

3. வீ வில் ராக் யூ (1977)

ரெண்டு தடவை கால் தட்டு, ஒரு தடவை கை தட்டு. அவ்வளவுதான் தாளம்! எழுதினது பிரையன் மே. கொஞ்ச பேர் தட்டினதைப் பெரிய கூட்டம் மாதிரி காட்ட, அதையே வேற வேற டிலே வச்சுத் திரும்பத் திரும்பச் சேர்த்தார். சாதாரண எதிரொலி மாதிரி கேட்கக் கூடாதுன்னு, அந்த இடைவெளிகளுக்குப் பகா எண்களைப் பயன்படுத்தினார். மேத்ஸ் எங்கேடா யூஸ் ஆகப் போகுதுன்னு கேட்கிறவங்க கவனிக்க.

ஆனா அந்தக் கூட்டத்தை நிஜமாவே ஆட வச்சது ஃப்ரெடி. 1985 ஜூலை 13, எத்தியோப்பியா பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சி. வெம்ப்ளி ஸ்டேடியத்தில் சுமார் 72,000 பேர். குயினுக்குக் கிடைச்சது 20 நிமிஷம்தான். வீடியோ இருக்கு, பாருங்க. நான் விளக்கினா நல்லா இருக்காது.

2. தி ஷோ மஸ்ட் கோ ஆன் (1991)

80-களின் பிற்பகுதியில் அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது உறுதியானது. எய்ட்ஸ்னு சொன்னாலே மனுஷங்க ஒதுங்கிப் போன காலம் அது. பத்திரிகைகாரங்க வீட்டு வாசலிலேயே காத்திருந்தாங்க. அவர் நெருக்கமானவங்ககிட்ட மட்டும் சொல்லிட்டு வேலையைத் தொடர்ந்தார். நடக்கவே கஷ்டப்பட்ட நேரத்தில், இவ்வளவு உச்ச ஸ்தாயியை இவரால பாட முடியுமான்னு பிரையனுக்கே சந்தேகம். ஃப்ரெடி கொஞ்சம் வோட்கா குடிச்சுட்டுப் பாடி முடிச்சுட்டாராம். கேட்டுப் பாருங்க, நோயாளி குரல்னு யாருமே சொல்ல மாட்டாங்க.

1. மதர் லவ் (1995)

பல பேர் கேட்டே இருக்காத பாட்டு. 1991 மே மாசம், சுவிட்சர்லாந்தில் மோன்ட்ரோ ஸ்டுடியோ. நேரம் இல்லைன்னு ஃப்ரெடிக்குத் தெரியும். எழுதிக் கொடுங்க, முடிஞ்ச வரைக்கும் பாடி வைக்கிறேன், நீங்க அப்புறம் முடிச்சுக்கோங்கன்னு நண்பர்கள்கிட்ட சொல்லி வச்சிருந்தார். பிரையன் ஒவ்வொரு சரணமா எழுத எழுத, அவர் பாடினார். கடைசி சரணம் பாக்கி இருந்தப்போ களைச்சுட்டார். ஓய்வு எடுத்துட்டு வந்து முடிக்கலாம்னு போனார். திரும்பி வந்து பாட முடியவே இல்லை.

நவம்பர் 23-ஆம் தேதி தனக்கு எய்ட்ஸ்னு உலகத்துக்கு அறிவிச்சார். மறுநாள் இறந்துட்டார், வயசு 45. உயிரைக் காப்பாத்தற கூட்டு மருந்து சிகிச்சை 1996 வாக்கில்தான் பரவலா வந்தது. வெறும் அஞ்சு வருஷம் மக்களே! அவர் பேரில் தொடங்கின அறக்கட்டளை இன்னைக்கும் எய்ட்ஸ் ஒழிப்புக்காக வேலை செய்யுது.

அந்தக் கடைசி சரணத்தை பிரையன் மேதான் பாடினார். குரல் மாறுறது நல்லாவே கேட்கும். முதல் தடவை அந்த இடத்தில் நான் பாட்டை நிறுத்திட்டேன். போஹீமியன் ராப்சடி ஒரு மேதையோட வேலை, சந்தேகமே இல்லை. ஆனா முடிக்க முடியாதுன்னு தெரிஞ்சும் ஒரு ஆள் ஆரம்பிச்சு, மிச்சத்தை நண்பன் கையில் விட்டுட்டுப் போனது இந்தப் பாட்டு. ஃபைனல் இயர் முடியப் போற எனக்கு இதுதான் முதல் இடம்.

உங்க டாப் 5 வேறயா? காரிடாரில் பார்த்தா சொல்லுங்க, சண்டை போடுவோம்!