தடை செய்யப்பட்ட சுவரொட்டி, அரசு எடுத்துக்கொண்ட சிற்பம்: கேத்தே கொல்விட்ஸின் வாழ்வும் கலையும்

1912ஆம் ஆண்டில் பெர்லின் நகரின் குடியிருப்பு நெருக்கடி குறித்த பொதுக்கூட்டம் ஒன்றுக்காக ஒரு சுவரொட்டி அச்சிடப்பட்டது. படிக்கட்டுகளிலும் முற்றங்களிலும் விளையாடக் கூடாது என்று அறிவிக்கும் பலகை பதித்த சுவர். அதன்முன் கைக்குழந்தையைச் சுமந்து நிற்கும் மெலிந்த சிறுமி. ஓர் அறைக்கு ஐந்து பேரோ அதற்கு மேலோ அடைந்து கிடக்கும் வீடுகளில் 6 லட்சம் பெர்லின்வாசிகள் வாழ்கிறார்கள் என்ற விவரமும் அதில் இருந்தது. ஆயுதம் ஏந்திய ஒருவரும் அந்தப் படத்தில் இல்லை. இருந்தும் நகரக் காவல்துறைத் தலைவர் அதைத் தடை செய்தார். வர்க்கப் பகைமையைத் தூண்டுகிறது என்பதே அவர் சொன்ன காரணம்.

சுவரொட்டிக்காக வழக்கு பதியப்பட்ட இளைஞர்களுக்காக நீதிமன்றப் படியேறும் நமக்கு இந்தக் காரணம் புதிதன்று. இந்திய தண்டனைச் சட்டத்தின் 153அ பிரிவு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 196ஆம் பிரிவாக எண் மாறியிருக்கிறது. அதைக் கையாளும் மனநிலை மாறவில்லை. பகைமையை உண்டாக்கிய நிலைமையை விட்டுவிட்டு, அதைப் படமாக எழுதியவரைத் தேடுவது அதிகாரத்தின் பழைய பழக்கம். அந்தச் சுவரொட்டியை வரைந்த கேத்தே கொல்விட்ஸ், அரைநூற்றாண்டுக்கு மேல் இந்தப் பழக்கத்தோடு மோதிக்கொண்டிருந்த அச்சோவியர், சிற்பி.

1867 ஜூலை 8 அன்று கிழக்குப் பிரஷியாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அந்நகரம் இன்று ரஷ்யாவின் கலினின்கிராத். தந்தை கார்ல் ஷ்மிட் சட்டம் படித்தவர். பிரஷிய அரசுக்கு ஊழியம் செய்வது தம் அரசியல் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று விலகி, கொத்தனார் வேலை பழகி வீடுகட்டும் தொழிலுக்குப் போனார். தாய்வழிப் பாட்டனார் யூலியுஸ் ரூப், அரசுத் திருச்சபையிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தனிச்சபை கண்ட போதகர். அக்காலத்தில் அரசுக் கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாததால், பெர்லினிலும் மியூனிக்கிலும் பெண்களுக்கென இருந்த கலைப்பள்ளிகளில் கேத்தே பயின்றார். வண்ண ஓவியத்தை விட்டு அமிலச் செதுக்கு, கல்லச்சு ஆகியவற்றுக்கு வந்ததில் ஓர் அரசியல் பயனும் விளைந்தது. எண்ணெய் ஓவியம் ஒரு செல்வந்தரின் சுவரோடு முடிந்துவிடும். அச்சோவியமோ பல பிரதிகளாகக் குறைந்த விலையில் பலர் கைக்குப் போகும்.

1891இல் மருத்துவர் கார்ல் கொல்விட்ஸை மணந்து, பெர்லினின் வடக்கே தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதியில் வைசன்புர்கர் தெருவில் குடியேறினார். தொழிலாளருக்கான நோய்க் காப்பீட்டை ஜெர்மனி 1883இல்தான் சட்டமாக்கியிருந்தது. கார்ல் தையல் தொழிலாளரின் காப்பீட்டு நிதியத்துக்கு மருத்துவரானார். கணவரிடம் வைத்தியத்துக்கு வந்த பெண்கள் கேத்தேயிடமும் பேசினார்கள். வேலையிழந்த கணவன், குடி, அடி, மீண்டும் கருவுற்ற பயம் என்று அவர்கள் கொண்டுவந்த கதைகள் அவருடைய ஓவியப் பெட்டியில் தங்கின.

இங்கே நாம் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. கொல்விட்ஸ் தொழிலாளி அல்லர். படித்த நடுத்தர வர்க்கத்துப் பெண். பிறரால் வரையப்பட்டும் எழுதப்பட்டும் பழகிப்போன சமூகங்களைச் சேர்ந்த நாம், அடுத்தவர் துயரத்தை வரைகிறவரைச் சற்றுத் தள்ளி நின்றே பார்க்கிறோம். சேரியின் வறுமையை அழகான புகைப்படமாக்கி விருது வாங்குவோரை நாம் அறிவோம். கொல்விட்ஸ் இதில் தம்மைப் பற்றி மழுப்பவில்லை. தொடக்கத்தில் தம்மை ஈர்த்தது இரக்கம் அல்ல, உழைப்பாளர் உடல்களின் அழகே என்று பின்னாளில் எழுதிவைத்தார். இரக்கமும் பொறுப்பும் பிறகு வந்தன. அவருடைய படைப்புகளை வரிசையாகப் பார்த்தால் அந்த நகர்வு தெரிகிறது.

1893 பிப்ரவரியில் கெர்ஹார்ட் ஹாப்ட்மனின் 'நெசவாளர்கள்' நாடகத்தைக் கண்டார். 1844இல் சிலேசிய நெசவாளர் நடத்திய எழுச்சியே அதன் கதை. பொது மேடையேற்றம் தடை செய்யப்பட்டிருந்ததால் அது உறுப்பினர்களுக்கு மட்டுமான காட்சியாக நடந்தது. தடையைப் பின்னர் பிரஷிய மேல் நிர்வாக நீதிமன்றம் நீக்கியது. நீக்கிய காரணம் சட்ட மாணவர்கள் படிக்க வேண்டியது: அந்த நாடக அரங்கில் கட்டணம் அதிகம், ஆகவே கலகத்துக்குக் கிளம்பக்கூடியவர்கள் பெரும்பாலும் பார்க்க வரமாட்டார்கள்! கருத்துரிமையின் எல்லையை நுழைவுச்சீட்டின் விலை தீர்மானித்தது.

கொல்விட்ஸ் அந்தக் கதையை ஆறு தாள்களில், நுழைவுச்சீட்டு தேவைப்படாத வடிவில் செய்தார். வறுமை, சாவு, கூடிப் பேசும் ஆண்கள், ஊர்வலம், முதலாளியின் வாயிற்கதவைத் தாக்கும் கூட்டம், வீட்டுத்தரையில் கிடத்தப்படும் பிணங்கள். 1898இல் பெர்லின் பெருங்கண்காட்சியின் நடுவர் குழு அதற்குத் தங்கப் பதக்கம் பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். மறு ஆண்டு டிரெஸ்டன் நகரம் பதக்கம் அளித்தது.

நம் பார்வையில் அவருடைய பெரும்படைப்பு, 1908இல் முடித்த 'விவசாயிகள் போர்' தொடர். 1524–25இல் ஜெர்மானியக் குடியானவர்கள் பண்ணைப் பிரபுக்களுக்கு எதிராக எழுந்ததைப் பற்றிய ஏழு தாள்கள். முதல் தாளில் இரண்டு ஆண்கள் மாடுகளின் இடத்தில் பூட்டப்பட்டு ஏர் இழுக்கிறார்கள். உடல் தரைக்கு இணையாகச் சாய்ந்திருக்கிறது. இரண்டாம் தாளில் ஒரு பெண் வன்புணர்வு செய்யப்பட்டு, மிதித்துச் சிதைக்கப்பட்ட தோட்டத்துச் செடிகொடிகளுக்கிடையே கிடக்கிறாள். முதல் பார்வையில் இலைகள் மட்டுமே கண்ணில் படும். பிறகே உடல் தெரியும். அதன்பின்பே வேலிக்கு மேலாக எட்டிப்பார்க்கும் குழந்தையின் தலை தெரியும். மூன்றாவதில் ஒருத்தி அரிவாள் தீட்டுகிறாள். ஐந்தாவதில் முதுகுகாட்டி நிற்கும் ஒருத்தி இரு கைகளையும் தூக்க, கூட்டம் பாய்கிறது. ஆறாவதில் இரவு; இறந்தோர் நடுவே ஒரு தாய் விளக்கொளியில் ஒரு முகத்தைத் தடவிப்பார்க்கிறாள். கடைசியில் கட்டப்பட்ட கைதிகள்.

அந்த இரண்டாம் தாள் வைக்கப்பட்ட இடத்தைக் கவனிக்க வேண்டுகிறோம். கிளர்ச்சிகளின் வரலாற்றை எழுதுவோர் வரி, கூலி, நிலம் என்று காரணங்களை அடுக்குவர். பெண் உடல்மீதான வன்முறை அடிக்குறிப்புக்குப் போகும். கொல்விட்ஸ் அதை ஏருக்கும் அரிவாளுக்கும் நடுவே, எழுச்சியின் காரணங்களில் ஒன்றாக நிறுத்தினார். நிலவுடைமையும் சாதியும் சேர்ந்து இயங்கும் ஊர்களில் வன்கொடுமை வழக்குகளை நடத்தும் நமக்கு, ஒரு நூற்றாண்டுக்கும் முந்தைய இந்த வரிசையைக் கடந்துபோக இயலவில்லை.

பதக்கத்தை மறுத்த அரண்மனை 1906இல் இன்னொரு முறை முகம் சுளித்தது. வீட்டிலிருந்தபடியே கூலிக்குத் தைக்கும், முடையும் பெண்களின் நிலையைக் காட்டும் கண்காட்சிக்கு அவர் வரைந்த சுவரொட்டியில் களைத்த ஒரு பெண்முகம் மட்டுமே இருந்தது. அதை அகற்றினால்தான் வருவேன் என்று பேரரசி சொல்லிவிட்டார். கண்காட்சியைக் காண அவருக்கு ஆட்சேபம் இல்லை. அந்த முகம்தான் இடைஞ்சலாக இருந்தது.

1914இல் போர் மூண்டபோது இளைய மகன் பீட்டர் தன்னார்வப் படைவீரனாகச் சேர விரும்பினான். வயது 18, தந்தையின் ஒப்புதல் தேவை. கார்ல் மறுத்தார். மகனுக்காகக் கணவரிடம் பேசி ஒப்புதல் வாங்கித் தந்தவர் கேத்தே. அக்டோபர் 22 அன்று பெல்ஜியத்தில் பீட்டர் கொல்லப்பட்டான். நாட்டுக்காகத் தியாகம் என்ற சொல்லை அவரும் சில காலம் நம்பினார் என்பதையும், அதிலிருந்து வெளியேற அவருக்கு ஆண்டுகள் பிடித்தன என்பதையும் மறைத்து அவரைப் புனிதராக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. 1918 அக்டோபரில், இன்னும் ஆள் திரட்டுங்கள் என்று அழைத்த கவிஞர் ரிச்சர்ட் டேமலுக்கு எதிராக நாளிதழில் வெளிப்படையாக மறுப்பு எழுதினார்.

மகனுக்கான நினைவுச் சின்னத்தை 1914 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டார். 1904இல் பாரிசில் சிற்பம் பயின்றிருந்தார் என்றாலும், இந்தப் படைப்பு 18 ஆண்டுகள் இழுத்தது. முதலில் மண்ணில் வடித்த மகனின் உருவத்தைக் கைவிட்டார். 1932இல் பெல்ஜியத்தின் இராணுவக் கல்லறையில் கருங்கல்லில் நிறுவப்பட்டபோது எஞ்சியிருந்தவர்கள் தாயும் தந்தையும் மட்டுமே. இருவரும் தனித்தனிப் பீடங்களில் மண்டியிட்டிருக்கிறார்கள். தந்தை தன் கைகளால் தன்னையே இறுகக் கட்டியிருக்கிறார், தாய் குனிந்திருக்கிறாள். கொடி இல்லை, வாள் இல்லை. அச்சிலைகள் இன்று விளாட்ஸ்லோ கல்லறையில் இருக்கின்றன.

1919 அவருடைய பொதுவாழ்வின் உச்சம். பிரஷியக் கலைக்கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர். பேராசிரியர் பட்டமும் கிடைத்தது. அதே மாதத்தில் கொல்லப்பட்ட கார்ல் லீப்னெக்டின் உடலை, குடும்பத்தார் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பிணவறையில் வரைந்தார். அதிலிருந்து உருவான மரச்செதுக்கில் தலைவரைவிட, குனிந்து விடைகொடுக்கும் தொழிலாளர்களே அதிக இடம் பெறுகிறார்கள். லீப்னெக்டின் கட்சியில் அவர் சேர்ந்ததில்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் தம் வரைகலையை எந்த இயக்கம் நியாயமான காரணத்துக்குக் கேட்டாலும் கொடுத்தார். ரஷ்யப் பஞ்ச நிவாரணம், பட்டினி கிடந்த ஜெர்மானியக் குழந்தைகள், 1924இன் 'போர் இனி வேண்டாம்' ஆகியவை பலரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதது, கருக்கலைப்பைக் குற்றமாக்கிய 218ஆம் சட்டப்பிரிவுக்கு எதிராகப் பொதுவுடைமைக் கட்சிக்கு வரைந்த சுவரொட்டி. வயிற்றில் ஒன்று, கையில் ஒன்று, கூடவே நடக்கும் ஒன்று என்று நிற்கும் ஏழைப்பெண். கணவரின் மருத்துவ அறைக்கு வெளியே 30 ஆண்டுகள் கேட்ட கதைகளின் சாட்சியம் அது. சுவரொட்டிகளின் எழுத்துகளையும் பெரும்பாலும் தம் கையாலேயே, படத்தின் கோடுகளோடு சேர்ந்தாற்போல எழுதினார்.

1933இல் இட்லரை எதிர்க்க இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுசேர வேண்டும் என்ற அறிக்கையில் கையொப்பமிட்டதற்காக, கலைக்கழகத்திலிருந்து விலக நிர்ப்பந்திக்கப்பட்டார். கற்பித்த வகுப்பும் பணிக்கூடமும் பறிபோயின. 1936இல் இரகசியப் போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்தது. வதைமுகாமுக்கு அனுப்புவோம் என்று மிரட்டியது. அவருடைய படைப்புகள் கண்காட்சிகளிலிருந்து எடுக்கப்பட்டன. அந்த ஆண்டுகளில்தான் அவர் சிற்பத்துக்குள் மேலும் ஆழமாகப் போனார். குழந்தைகளைச் சுற்றி அரணாக நிற்கும் தாய்மார், இறந்த மகனை மடியில் கிடத்திய தாய் எல்லாம் கைக்கு அடங்கும் அளவிலானவை. அந்தத் தாய்ச்சிற்பத்தின் உயரம் 38 சென்டிமீட்டர்தான்.

அதற்குள் அவருடைய தாள்கள் கண்டம் தாண்டியிருந்தன. 1931இல் சீன எழுத்தாளர் ரௌ ஷி சுட்டுக்கொல்லப்பட்டபோது, வெளிப்படையாக இரங்கல் எழுத முடியாத லூ சுன், கொல்விட்ஸின் 'பலி' என்ற மரச்செதுக்கை இதழில் வெளியிட்டார். இந்தியாவில் வங்கப் பஞ்சத்தை வரைந்த சோம்நாத் ஹோர், கொல்விட்ஸிடம் கற்றவர்களில் ஒருவர். அவரும் பின்னாளில் சிற்பியானார்.

1940இல் கணவர் இறந்தார். 1942இல் பேரன் கிழக்குப் போர்முனையில் இறந்தான். அவன் பெயரும் பீட்டர். 1943இல் அரைநூற்றாண்டு வாழ்ந்த வீடு குண்டுவீச்சில் அழிந்தது. பல படைப்புகளும் அதோடு போயின. 1945 ஏப்ரல் 22 அன்று, போர் முடிய இரு வாரங்கள் இருக்கையில், மோரிட்ஸ்பர்கில் கேத்தே கொல்விட்ஸ் காலமானார்.

கதை அத்தோடு முடியவில்லை. 1993இல் ஒன்றுபட்ட ஜெர்மனி, பிரஷிய அரசரின் காவல்படைக்காகக் கட்டப்பட்ட பெர்லின் கட்டடத்தைத் தேசிய நினைவிடமாக்கியது. 38 சென்டிமீட்டர்ச் சிற்பத்தை வேறொரு சிற்பியைக் கொண்டு பெரிதாக்கி நடுவில் வைத்தது. போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானோருக்கு என்று பொதுவாகப் பொறித்தது. கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் ஒரே சொல்லால் துக்கம் கொண்டாடுவதா என்று யூதர்களும் அறிஞர்களும் கண்டித்த பிறகே, கொல்லப்பட்ட மக்கள்பிரிவினரைத் தனித்தனியாகப் பெயர் சொல்லும் பலகை ஒன்று வாசலில் சேர்க்கப்பட்டது. பலியானோரைப் பொதுப்பெயரில் கரைக்கும் நினைவேந்தலை நாமும் கண்டிருக்கிறோம். எதிர்த்தவர்கள் கேட்டது நியாயம்.

அவர் வாழ்ந்த வைசன்புர்கர் தெருவுக்கு இன்று கொல்விட்ஸ் தெரு என்று பெயர். பக்கத்துச் சதுக்கத்தில் அவருடைய வெண்கலச் சிலை அமர்ந்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள வீடுகளின் வாடகை, அவர் வரைந்த குடும்பங்களின் வாரிசுகளால் கொடுக்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது.